படகில் வந்து இறங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜூன் மாதம் தோழிகள் இரண்டு பேரோடு வருகிறாய் என்று நீ சொன்னதிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நீ அனுப்பிய பயணத் திட்டத்தையும் பார்த்தேன். போனில் பேசினால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும், எனக்கும் பாதி மறந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்.

பினாங்குத் தீவில் மூன்று நாள் என்று நீ முடிவு செய்தது நல்லதுதான். ஆனால் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து டாக்சி பிடித்து பத்து ஃபிரிங்கி கடற்கரை ஓட்டலுக்குப் போவதாக எழுதியிருக்கிறாயே, அது மட்டும் வேண்டாம். காசு போகிறதே என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஓட்டலில் நீச்சல் குளம் இருக்கும், காலைச் சாப்பாடு இருக்கும். பினாங்கு இருக்காது. கடலுக்காகத்தான் போகிறோம் என்றால், உன் தோழிகளிடம் இப்போதே சொல்லிவிடு: பினாங்குக் கடல் பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்காது. கலங்கல்தான், ஜெல்லி மீனும் உண்டு. தெளிந்த கடலும் பவளமும் வேண்டுமென்றால் கிழக்குக் கரைப் பெர்ஹெந்தியான் தீவுகள் பக்கம் போகவேண்டும், ஜூன் மாதம் அதற்கும் நல்ல மாதம்தான். பினாங்குக்குப் போவது சாப்பிடவும் நடக்கவும்.

முதலில் நேராக வீட்டுக்கு வாருங்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, காலையில் சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஃபெர்ரி. 1894இலிருந்து அந்தக் கடலில் ஓடிக்கொண்டிருக்கிற படகுச் சேவை அது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாத்தா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து எங்களை அழைத்துக்கொண்டு போவார். 1985இல் பாலம் திறக்கும்வரை, விமானத்தை விட்டால் தீவுக்குப் போக வேறு வழியே கிடையாது. கார், லாரி, மனிதர் எல்லாம் அதில்தான். நீ சின்ன வயதில் பார்த்த அந்தப் பெரிய மஞ்சள் படகுகள் 2020 கடைசியோடு நின்றுவிட்டன. 2023இலிருந்து ஓடுவது புதுப் படகுகள், சின்னவை, கார் ஏறாது. போகும்போது 1 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு, திரும்பி வரக் காசே இல்லை என்றிருந்த காலம் போய்விட்டது. இருந்தாலும் ஒரு தீவுக்குப் போகிற செலவு தேநீர்க் காசில் முடிகிற இடம் வேறு எங்கே இருக்கிறது, சொல்? டச் அண்ட் கோ அட்டையில் காசு போட்டு வைத்துக்கொள்.

படகு கிளம்பியதும் தெற்குப் பக்கமாகப் பார். பாலம் தெரியும். அதற்கும் அப்பால் பச்சையாக ஒரு மேடு மாதிரி கடலில் கிடப்பது ஜெரெஜாக் தீவு. இதை உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. என் பாட்டி ராஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவள். வந்ததும் ஊருக்குள் விடவில்லை. நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்க, கப்பலில் வந்த ஜனங்களை அந்தத் தீவில்தான் இறக்கி வைத்திருந்தார்கள். இந்த நாட்டில் பாட்டி முதலில் மிதித்த மண் அதுதான். கையில் ஒரு தகரப்பெட்டி, இடுப்பில் ஒரு பிள்ளை. அங்கிருந்து பார்த்தால் ஜார்ஜ்டவுன் விளக்குகள் தெரியுமாம். இங்கேயா வாழப்போகிறோம் என்று நினைத்தேன், கடைசியில் லாரியில் ஏற்றி கெடா ரப்பர் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்லுவாள். நான் உன்னைப் படகில் போகச் சொல்வது இதற்காகத்தான். விமானத்தில் இறங்கினால் தீவு ஒரு ஊராகத்தான் தெரியும். தண்ணீர் வழியாகப் போனால்தான் கரை நம்மை நோக்கி வருவது தெரியும்.

தங்குவதற்கு ஜார்ஜ்டவுனில் சூலியா தெருவிலோ லவ் லேனிலோ பார். பழைய கடைவீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். மூன்று பேருக்கு ஒரே அறை கிடைக்கும், விசிறி போதுமென்றால் இன்னும் மலிவு. குளியலறை பொதுவாக இருக்கலாம், இரண்டு ராத்திரிதானே. முன்பதிவு செய்யும்போது பெண்கள் எழுதியிருக்கிற கருத்துகளைப் படித்துவிட்டுச் செய். அந்த இடம் ஏன் என்றால், அங்கிருந்து எல்லாமே நடைதான். 1801இல் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவீன் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில், சீனர்களின் கோயில், ஆங்கிலேயர் மாதா கோயில் எல்லாம் பத்து நிமிஷ நடைக்குள். சூலியா என்ற பெயரே நம்மவர்களைக் குறிக்கிற பெயர்தான். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது இந்த வட்டாரத்தைத்தான். சுவரோவியங்களைப் படம் எடுக்க ஒரு மணி நேரம் போதும், மீதி நேரம் வெயில் படாமல் கடைவாசல் நடையிலேயே சுற்றுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். நீ கேட்டதே அதைத்தானே.

முதல் நாள் மத்தியானம் நாசி கண்டார். கண்டார் என்றால் தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டுச் சுமப்பது, நம் காவடி மாதிரி. ஒரு கூடையில் சோறு, ஒரு கூடையில் குழம்பு என்று துறைமுகக் கூலிகளுக்குக் கொண்டுபோய் விற்றார்கள் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த நம் முஸ்லிம் ஆட்கள். இன்றைக்கு வரிசையில் நிற்பது எல்லா இனத்தாரும். தட்டு உன் கையில் வருமுன் மூன்று நான்கு குழம்பு அதில் விழும். 'பஞ்சிர்' என்று சொன்னால் சோறு முழுகும் அளவுக்கு ஊற்றுவார்கள். மலாயில் வெள்ளம் என்று அர்த்தம். வெண்டைக்காய் ஒன்று, கோழி ஒரு துண்டு, அவ்வளவு போதும். பெரிய இறால், மீன் சினை, நண்டு இவற்றைக் காட்டும்போது விலையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டு. ஒரு தடவை நானும் அப்பாவும் கேட்காமல் ஆளுக்கொரு பெரிய இறால் வாங்கி, வந்த பில்லைப் பார்த்து மாலையில் ஒன்றும் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தோம். விலைப்பலகை இல்லாத கடை என்றால் கூச்சப்படாமல் கேள்.

அப்புறம் செண்டோல். பினாங்கு ரோட்டிலிருந்து பிரிகிற கெங் குவீ சந்தில் நின்றுகொண்டே குடிப்பதுதான் வழக்கம். தூளாக்கிய ஐஸ், அதன் மேல் பாண்டான் இலைச் சாற்றில் பிழிந்த பச்சைப் புழு மாதிரி மாவு, சிவப்புப் பயறு, தேங்காய்ப்பால், கடைசியில் கரும்பழுப்பாக குலா மெலாக்கா. அந்தத் தென்னை வெல்லப்பாகு தேங்காய்ப்பாலில் கோடு கோடாக இறங்குவதை ஒரு நிமிஷம் பார். உடனே கலக்கிவிடாதே. முதல் வாய் பாலும் ஐஸும், அடியில் போகப்போக வெல்லம். கருப்பட்டியின் அந்தப் புகைவாசம் அதிலும் இருக்கும்.

காலையில் ரொட்டி சானாய் எங்கும் கிடைக்கும், அதற்கு நான் சொல்லவேண்டியதில்லை. ரொட்டி பெங்காலி கேட்டு வாங்கு. அடுப்பில் சுட்ட கட்டை ரொட்டி, மேல் தோல் மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு. வங்காளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பங்காளிகள் சேர்ந்து நடத்திய ரொட்டிக்கடை, 'பங்காளி ரொட்டி' என்பதுதான் மருவிவிட்டது என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். கோழிக்குழம்பில் தொட்டுச் சாப்பிட்டால் தாத்தா ஞாபகம் வந்துவிடும் எனக்கு.

இரண்டாம் நாளைத் தீவைச் சுற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், வாடகைக் கார் இல்லாமல். ஃபெர்ரித் துறையில் 101 பஸ் ஏறினால் பத்து ஃபிரிங்கி வழியாக தெலுக் பஹாங் வரை போகும். நீ தங்க நினைத்த ஓட்டல்களையெல்லாம் ஜன்னல் வழியாகவே பார்த்துவிடலாம். ஓட்டுநர் மீதிச் சில்லறை தரமாட்டார், கையில் சரியான காசு வேண்டும். அங்கே தேசியப் பூங்கா. காட்டுப் பாதையில் கெராச்சுட் கடற்கரைக்கு ஒன்றரை மணி நேர நடை, ஆமை முட்டை பொரிக்கும் நிலையம் இருக்கிறது. நடக்க முடியாவிட்டால் படகு உண்டு. படகுக்குத்தான் வாடகை, ஆளுக்கு இல்லை, அதனால் போகிற வேறு நாலு பேரோடு சேர்ந்துகொண்டால் பாதியாகும். கெராச்சுட்டில் மட்டும் தண்ணீரில் இறங்காதீர்கள். இழுப்பு இருக்கிறது. இதை அம்மா கெஞ்சிக் கேட்கிறேன்.

தெலுக் பஹாங்கிலிருந்து 501 பஸ் மலை ஏறி இறங்கி பாலிக் புலாவுக்குப் போகும். அடிக்கடி வராது, வந்து இறங்கியதுமே நேரம் கேட்டு வைத்துக்கொள். பாலிக் புலாவ் என்றால் தீவின் பின்பக்கம். இந்தப் பாதைதான் எனக்குத் தீவிலேயே பிடித்த இடம். இரண்டு பக்கமும் டுரியான், ஜாதிக்காய், கிராம்பு. ஜூன், ஜூலைதான் டுரியான் காலம், நீங்கள் வருகிற நேரம் சரியாக அமைந்துவிட்டது. பழத்தைப் பறிக்கமாட்டார்கள். தானாக ராத்திரி விழுந்ததைக் காலையில் பொறுக்கி அன்றைக்கே விற்பார்கள். மூசாங் கிங் என்று பெயர் கேட்டாலே விலை ஏறிவிடும். பெயரில்லாத கம்போங் டுரியானைக் கேள். தோட்டத்துக்காரரே வெட்டிக் காட்டுவார், சுவைத்துப் பார்த்துவிட்டு வாங்கு. கொஞ்சம் கசப்பும் சேர்ந்த பழம்தான் உசத்தி என்பார்கள் இங்குள்ளவர்கள், நானும் அந்தக் கட்சிதான். தோழிகளுக்கு நாற்றம் பிடிக்காவிட்டால் வற்புறுத்தாதே. விடுதிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள்.

பாலிக் புலாவ் சந்தைப் பக்கம் லக்சா. இரண்டு வகை கிடைக்கும்: புளி போட்ட அசாம் லக்சா, தேங்காய்ப்பால் சேர்த்த சியாம் லக்சா. நீ அசாம் வாங்கு. கெம்புங் என்கிற கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்துப் புளியில் கொதிக்க வைத்த சாறு, அதில் வழவழவென்று தடித்த அரிசி நூடுல்ஸ். மேலே அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், புதினா, இளஞ்சிவப்பாக நறுக்கிய புங்கா கந்தான் என்கிற இஞ்சிப்பூ. கரண்டியில் கறுப்பாக இறால் விழுது தனியாக வைத்துக் கொடுப்பார்கள். நம் மீன் குழம்பு சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அந்தப் புளிப்பு புதுசாகவே இருக்காது. ஜார்ஜ்டவுனுக்குத் திரும்ப 401 பஸ்.

மூன்றாம் நாளுக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, கால் போன பக்கம் போங்கள். மலை ரயில் ஏற ஆசைப்பட்டால், நாங்கள் கடைசியாகப் போனபோது மலேசியருக்கு 12 வெள்ளி, வெளிநாட்டவருக்கு 30 வெள்ளி. உன் மைகாட் அடையாள அட்டையை எடுத்துவர மறக்காதே, இல்லாவிட்டால் உனக்கும் வெளிநாட்டவர் விலைதான். தோழிகளுக்கு அது அதிகம் என்றால் தாவரவியல் தோட்டத்துப் பக்கத்திலிருந்து நடந்தே ஏறலாம், விடியற்காலையில் கிளம்ப வேண்டும்.

திரும்பும்போது எனக்கு இரண்டு சாமான். ஒன்று தௌ சார் பியா, பாசிப்பயறு வைத்த அந்த உருண்டை பிஸ்கட், சூடாக இருக்கிற கடையில் ஒரு பெட்டி. இன்னொன்று ஜாதிக்காய். நாம் சமையலில் போடுவது கொட்டையை, பினாங்கில் தின்பது அதன் மேலே இருக்கிற சதையை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கொண்டுவந்து நட்ட மரம், இன்றைக்கு அந்த ஊர்ப் பண்டமாகிவிட்டது. கடையில் நாலைந்து விதம் இருக்கும். பூவாகச் சீவிச் சிவப்புச் சாயம் போட்டது வேண்டாம், உப்பில் காய்ந்ததும் வேண்டாம். பழுப்பாக, சர்க்கரையில் ஊறிப் பிசுபிசுவென்று இருப்பதை வாங்கு. தாத்தா ஃபெர்ரியில் வரும்போது சட்டைப் பையிலிருந்து எடுத்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். முதலில் நாக்கு எரியும், அப்புறம் இனிக்கும். நான் அதை வாயில் அடக்கிக்கொண்டே பட்டர்வொர்த் வரும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உனக்கும் தோழிகளுக்கும் படகிலேயே ஒரு பொட்டலத்தைப் பிரித்துவிடு, எனக்கு மீதி போதும்.

பட்டர்வொர்த் வந்ததும் கூப்பிடு. அப்பா ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். மூன்று நாள் கடைச்சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று மிளகு ரசமும் அப்பளமும் செய்து வைக்கிறேன். உன் தோழிகள் காரம் எவ்வளவு தாங்குவார்கள் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா