நெறி கட்டியதற்குப் பல் போயிற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

ரங்கூனில் உளுந்து, துவரை வாங்கி விற்கும் தரகன் நான். போன மழைக்காலத்தில் என் மனைவிக்கு வலது தாடைக்குக் கீழே நெறி கட்டியது. முதலில் கொண்டைக்கடலை அளவுதான். இங்கே பெண்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்தான தனாக்காவைக் கழுத்துவரை பூசிக்கொள்வாள்; எலுமிச்சங்காய் அளவு ஆன பிறகே என் கண்ணில் பட்டது.

பக்கத்துப் பல் டாக்டர் வாயை மட்டும் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப்பல்லில் லேசான சொத்தை, அதனால்தான் வீக்கம் என்று பிடுங்கிவிட்டார். 5 நாள் ஆன்டிபயாடிக், பிறகு இன்னும் 5 நாள். ஈறு ஆறியது, கட்டி அப்படியே. கீறிவிடலாம் என்றார். நல்லவேளை, அன்று கரண்ட் இல்லை.

அடுத்துப் பார்த்தது ஒரு பர்மியப் பல் டாக்டரம்மா. வாயைத் திறக்கச் சொல்லுமுன்பே பின்னால் நின்று இரண்டு கையாலும் கழுத்தைத் தடவினார். பல்லால் வந்த வீக்கம் என்றால் தொட்டதும் துள்ளுவாளாம், சூடாக இருக்குமாம், பல்லைக் கவனித்த 2 வாரத்தில் வற்ற வேண்டுமாம். இங்கே வலியே இல்லை. 3 கட்டி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா, உடம்பு இளைத்ததா என்று கேட்டார். மெல்லிய ஊசியால் உறிஞ்சிச் சோதித்ததில் காசநோய். நுரையீரலில் ஒன்றும் இல்லை. கத்தி வைத்திருந்தால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் ஒழுகியிருக்கும் என்றார். என் பாட்டி இருந்திருந்தால் பார்த்ததுமே கண்டமாலை என்று இந்தக் கழுத்துக் காசநோயின் பழைய பெயரைச் சொல்லியிருப்பாள்.

மருந்து இலவசம், 6 மாதம். முதல் 2 மாதம் 4 மருந்து. அதில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவக்கும் என்று முன்பே சொல்லிவிட்டதால் பயப்படவில்லை. ஆனால் இரண்டாம் மாதம் கட்டி இன்னும் பெருத்தது. மருந்தை நிறுத்தப் பார்த்தாள். சிலருக்கு அப்படிப் பெருத்துத்தான் வற்றும் என்று சொல்லித் தொடர வைத்தார்கள். இதற்கிடையில் என் அக்கா அவளுக்குத் தனி டம்ளர் வைத்தாள். நெறியில் மட்டும் இருக்கும் காசநோய் அடுத்தவருக்குத் தொற்றாது என்று அக்காவுக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும் போலிருந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் காசநோய் மிகுந்தவை என்று பட்டியலிட்ட 30 நாடுகளில் பர்மாவும் ஒன்று. இந்த ஊர்ப் பல் டாக்டருக்கு அந்த நினைப்பு வர வேண்டாமா? இடுக்கியை எடுக்குமுன் கழுத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். அந்தச் சொத்தையை அடைத்திருந்தாலே போதுமாம். கட்டி இப்போது சுண்டைக்காய் அளவுக்கு வற்றிவிட்டது. முறுக்கு தின்பது மட்டும் இடப்பக்கமாக.

பெயர் போட வேண்டாம், அக்காவும் உங்கள் பத்திரிகை வாசிப்பவள்.

ஓர் உளுந்துத் தரகன்,
ரங்கூன்