கதவுப் படங்களுக்கு ஊர்ப்பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாசகர்கள் எடுத்தனுப்பிய பழைய கதவுகளின் படங்கள் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கத்துக்கு வெளியாகியிருந்தன. படங்கள் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றின் கீழே ‘செட்டிநாட்டுக் கதவு’ என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களாகப் பரவியிருக்கும் நிலப்பகுதி. கானாடுகாத்தானா, பள்ளத்தூரா, கடியாபட்டியா என்று சொல்லாத படத்தை வைத்துக்கொண்டு, நாளை அந்தக் கதவைப் பற்றி அறிய விரும்புகிறவர் எந்த ஊரில் போய் விசாரிப்பார்?

இது வெறும் நுணுக்கம் பார்க்கும் புகார் அன்று. அந்தக் கதவுகள் இருந்த இடத்திலேயே இருக்கப் போவதில்லை என்பதே என் கவலை. அக்கதவுகள் உள்ள வீடுகளுள் பெரும்பாலானவை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை, பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் தொழில் செய்து ஈட்டிய பொருளால் எழுந்தவை. கதவுக்கும் தூணுக்கும் வேண்டிய தேக்கும் பர்மாவிலிருந்தே கப்பலேறி வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும், போருக்குப் பின் அங்கே நிலங்கள் நாட்டுடைமை ஆனதும் அந்த வரவை அறுத்துவிட்டன. இன்று ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். வீட்டைப் பங்கு பிரிப்பது கடினம். பிரித்துப்போட்ட மரத்தைப் பங்கு பிரிப்பது எளிது. ஆகவே பழைய தேக்குக்குக் கன அடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது. வேலைப்பாடுள்ள தலைவாசல் நிலை, அதாவது கதவைத் தாங்கும் மரச்சட்டம், தனி விலைக்குப் போகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் நிலைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது. விற்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒழுகும் கூரையின் ஓடுகளை மாற்றுவதற்குக்கூட எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் கிடைக்காத வீடுகள் எங்கள் பக்கத்தில் ஏராளம்.

இந்நிலையில், கையில் கைபேசியோடு ஊர் சுற்ற வருகிறவர்கள் எடுக்கும் படமே பல கதவுகளுக்கு எஞ்சப் போகும் ஒரே பதிவாக இருக்கலாம். அவர்களுள் பலர் நிலையின் நெற்றியிலுள்ள கஜலட்சுமியை மட்டும், அல்லது பித்தளைக் குமிழையும் வளையத்தையும் மட்டும் நெருங்கி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கண்ணுக்கு இதமான படம்தான். ஆனால் நிலையைச் சுற்றி அடுக்கடுக்காகச் செல்லும் சட்டங்களில் எதில் கொடி, எதில் கிளி, எதில் யாளி என்பதும், கதவு கீலில் தொங்குகிறதா அல்லது மேலும் கீழும் உள்ள மர முளையான குடுமியில் சுழல்கிறதா என்பதும், இருபுறத் திண்ணைக்கும் நிலைக்கும் என்ன அளவுப் பொருத்தம் என்பதும், முகப்பின் உச்சியில் வீடு கட்டிய ஆண்டு சுதையில் எழுதப்பட்டிருந்தால் அது எந்த ஆண்டு என்பதும் அந்தப் படத்தில் இல்லை. இவற்றைவிட முக்கியமான ஒன்றும் விட்டுப்போகிறது. பெரிய வீடுகளில் தலைவாசலில் நின்று நோக்கினால் முகப்பு, வளவு என்னும் நடுமுற்றப் பகுதி, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாவற்றையும் கடந்து பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும் வேளையில் எடுத்த ஒரே படம் இதைக் காட்டிவிடும். தலைவாசல் கதவைத் தனியே கழற்றி ஒரு விடுதியின் வரவேற்பறையில் மாட்டிய பிறகு, எத்தனை படம் எடுத்தாலும் இதைக் காட்ட முடியாது.

ஊர்ப்பெயரோடு கூடிய புகைப்படம் என்ன செய்யும் என்பதற்குச் சான்று நம் அருகிலேயே இருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தமிழகக் கோயில்களையும் சிலைகளையும் படமெடுத்து, எந்தக் கோயில், எந்த ஊர் என்ற குறிப்போடு பாதுகாத்து வந்தது. ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிய நடராஜர், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோனவர்தான் என்பதைக் காட்ட அந்தப் படத்தொகுப்பு உதவியது. 2014இல் அச்சிலை இந்தியா திரும்பியது. கதவுகள் பெரும்பாலும் உடையவர்களாலேயே விற்கப்படுபவை என்பதால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது என்பதை அறிவேன். இருப்பினும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தொல்பொருளாகக் கொண்டு, தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடை செய்கிறது. ஒரு நிலை எந்த வீட்டில் இருந்தது, அவ்வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதற்கே பதிவில்லாதபோது, அதன் வயது நூறா எழுபதா என்று எதைக் கொண்டு தீர்மானிப்பது?

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. ஊர்ப்பெயரை அச்சிடுங்கள், தெருவையும் கதவு இலக்கத்தையும் அச்சிடாதீர்கள். இவ்வீடுகளுள் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை. முழு முகவரி படம் எடுத்தவரின் குறிப்பேட்டிலும் தங்கள் அலுவலகக் கோப்பிலும் இருந்தால் போதும். வீட்டில் ஆள் இருந்தால் கேட்டுவிட்டு எடுப்பதே முறை. தெருவில் நின்று எடுப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று வாதிடுவோர், திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆச்சியிடம் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தால், நிலை வைத்த கதையும் மரம் வந்த கதையும் கேளாமலே கிடைக்கக் காண்பார்கள்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பட்டியலில் ஏறியதால் மட்டும் எந்தக் கதவும் பெயர்க்கப்படாமல் இருந்துவிடவில்லை. அரசு செய்ய வேண்டியதைத் தனியே எழுதலாம். தங்களால் இப்போதே ஆகக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை இத்தகைய படங்களைக் கேட்டு அறிவிப்பு வெளியிடும்போது, நிலை முழுவதும் தெரியும்படி எதிரே நேராக நின்று எடுத்த படம் ஒன்று, ஊர்ப்பெயர், எடுத்த தேதி, வீட்டாரின் அனுமதி ஆகியவை இல்லாதவை ஏற்கப்படமாட்டா என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். ஏற்கெனவே வெளியான படங்களை அனுப்பியவர்களுக்கும் எழுதி, ஊர்ப்பெயர்களைப் பெற்று ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட்டால் நன்று.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
தேவகோட்டை.