தனுஷ்கோடி மணலில் வழி சொன்ன அண்ணனுக்கு நன்றி

1964 புயலில் இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த அண்ணனுக்கு இந்தப் பதிவு. பெயர் கேட்டேன், சிரித்தாரே தவிர சொல்லவில்லை.

எனக்கு மலைப்பாதையில் ஓடித்தான் பழக்கம். நிலம் முடியும் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை இருந்தாலும் மணலில் ஓடும் ஆசையில் இறங்கப் போனேன். "தம்பி, அந்த வெள்ளைத் தரை பாக்கத்தான் கெட்டி. உள்ள பூரா சேறு, காலை வாங்கிடும்" என்று நிறுத்தினார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் விஷயம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா சீறும். அப்போது வடக்கே பாக் நீரிணைக் கரையில் ஓடு. வடகிழக்கு வாடைக்காற்று வந்துவிட்டால் தெற்குக் கரைக்கு மாற்றிக்கொள். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல்தான் கெட்டி, அதை விட்டு மேலே ஏறாதே. கரை சரிவாக இருப்பதால் ஒரு முழங்காலுக்கு மட்டும் வலி வரும் என்பதைக்கூடச் சொன்னார். எந்தப் பயிற்சியாளரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை!

தண்ணீருக்கு ஊற்றையும் காட்டினார். கடலுக்குப் பக்கத்திலேயே சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது, அவ்வளவுதான். குடித்தேன், ருசியாகவே இருந்தது.

திரும்பி வந்தபோது ஆளைக் காணோம். அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்தால் சொல்லுங்கள்: முழங்கால் வலிக்கவில்லை அண்ணே, ரொம்ப நன்றி.