பினாங்கு விருந்தினரை வரவேற்ற எல்லோருக்கும் நன்றி

ஊராருக்கும் வெளியூரில் இருக்கும் பங்காளிகளுக்கும் வணக்கம்.

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுனிலிருந்து வந்த குழு நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஊரும் நம் செட்டிநாடும் சகோதர நகர உறவு வைத்துக்கொள்ளலாமா என்று பேசத்தான் வந்தார்கள்.

முதல் நன்றி சாவி கொடுத்தவர்களுக்கு. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறப்பது லேசான காரியமா? ஒரே வீட்டுக்குப் பல புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பங்கள். ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர், இன்னொருவர் எங்கே என்றே விசாரிக்க வேண்டும். அத்தனை பேரையும் வாட்ஸ்அப்பில் பிடித்துச் சம்மதம் வாங்கிய அண்ணன்மாரே, உங்கள் பொறுமை யாருக்கும் வராது. கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு தவிர வேறெதற்கும் திறப்பதில்லை என்ற பங்காளிகளும் கடைசியில் சரி என்றார்கள். வந்தவர்களில் சீனரும் மலாய்க்காரரும் உண்டு. வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நின்று பர்மா தேக்கைத் தடவிப் பார்த்தவர்கள், ஓடு மாற்ற ஆள் கிடைக்கிறதா, செலவைப் பங்காளிகள் எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். ஜார்ஜ் டவுன் 2008-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. நாம் 2014 முதல் அதற்கு முந்தைய படியான உத்தேசப் பட்டியலில் காத்திருக்கிறோம். மாலை மரியாதையைவிட இந்தக் கேள்விகள்தான் எனக்குப் பிடித்தன.

தரைக்குப் பதிக்கும் பூக்கல் வார்க்கும் ஆத்தங்குடிப் பட்டறைக்காரர்களுக்கும் நன்றி. கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ண சிமென்ட்டை ஊற்ற விருந்தினர் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். பூ கோணலாக வந்த கல்லுக்குத்தான் கைதட்டல் அதிகம்! கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் செய்த ஆச்சிமாரைத் தனியாகப் புகழ வேண்டியதில்லை, பாத்திரங்கள் காலியாகத் திரும்பின.

சகோதர நகர உறவு கேட்டு நாம் எழுதிய மனுவைத் திருத்தித் தந்த கோயம்புத்தூர் நண்பருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவர் ஊர் 2016-இல் ஜெர்மனியின் எஸ்லிங்கனோடு கைகோத்தது. இப்படி ஒப்பந்தம் போட வெளியுறவு அமைச்சகத்தின் இசைவும் வேண்டும் என்று எடுத்துச் சொன்னவர் அவர்தான். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. பேரூராட்சியான நாம் தனியாக அலைவதைவிட அவர்களோடு சேர்ந்து கேட்பதே மேல் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து பேசுங்கள்.

பினாங்குக்காரர்கள் தைப்பூசத்துக்கு வரச்சொல்லி அழைத்திருக்கிறார்கள். பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெள்ளி ரதம் போகும்போது நம்மவர்களும் உடன் நடக்கலாம். அவர்கள் வார்த்த கற்கள் நீரில் ஊறிக் காய்ந்ததும் பார்சலில் போகும். பார்சல் செலவை ஏற்ற தம்பிக்கும் நன்றி.

இப்படிக்கு,
வரவேற்புக் குழுவினர் சார்பில்,
கானாடுகாத்தான்