ஆசான்மாரே, கை வைக்கக் கூடாத இடத்தைச் சொல்லித் தாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்து வர்ம ஆசான்மாருக்கு வணக்கம்.

நான் உங்கள் யாருக்கும் சிஷ்யை இல்லை. ஆக ஆசைப்பட்டேன். பதினாறு வயதில், தக்கலைக்கு மேற்கே எங்கள் ஊர் ஆசான் வீட்டு முற்றத்தில் போய் நின்று கேட்டேன். அவர் எண்ணெய்க் கையைத் தோர்த்தில் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மக்ளே, இது பெம்பிளையளுக்குள்ள வேல இல்ல. போய்ப் படி.” கோபத்தோடு சொல்லவில்லை. ஒரு துண்டு கருப்பட்டியும் கையில் தந்து அனுப்பினார்.

அதற்குப் பிறகும் அங்கே போவதை நான் விடவில்லை. அப்பா ரப்பர் வெட்டுகிறவர், அடிக்கடி தோள் பிடித்துக்கொள்ளும். அவரைக் கூட்டிக்கொண்டு போகிற சாக்கில் திண்ணையில் நின்றுகொள்வேன். பனையிலிருந்து விழுந்தவர்களும் முட்டத்திலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற கடல்தொழிலாளர்களுமாக முற்றம் எப்போதும் நிறைந்திருக்கும். மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதை எல்லோரும் பார்க்கலாம். பெண் ஒருத்தி வந்தால் மட்டும் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே எண்ணெய் போடுவது ஆசான் வீட்டம்மா. ஆசான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, “கொஞ்சம் கீழ, கால் மாத்திர போதும்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். பெம்பிளையளுக்குள்ள வேலை இல்லை என்று என்னிடம் சொன்ன அதே ஆசான்தான்.

(உங்களுக்குத் தெரியும், வெளியாருக்காகச் சொல்கிறேன்: வர்மம் என்பது உடம்பில் உயிரோட்டம் நிற்கிற நுட்பமான இடங்கள். அதில் மாத்திரை என்பது விழுங்குகிற பொருள் இல்லை, விரல் கொடுக்கிற அழுத்தத்தின் அளவு. கால், அரை, முக்கால், ஒன்று என்று போகும்.)

முப்பது வயதுக்கு மேல், வீட்டு நிலைமையால், கோவளம் பக்கம் ரிசார்ட் வேலைக்குப் போகலாம் என்று ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். பத்து நாள் வகுப்பு, பத்தாம் நாள் மாலை சட்டம் போட்ட சான்றிதழ். அங்கே ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். எண்ணெயை நேராக அடுப்பில் வைக்காமல் வெந்நீரில் பாத்திரத்தோடு இறக்கிச் சூடாக்கி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கட்டைவிரலால் குத்தாமல் முழங்கையை நேராக வைத்து உடம்பின் பாரத்தை இறக்கச் சொன்னார்கள். இந்தப் பாடம் இல்லாவிட்டால் இரண்டே வருடத்தில் என் விரல் போயிருக்கும். தேய்க்காத பாகத்தைத் துணியால் மூடியே வைக்க வேண்டும் என்பதையும், தப்பான பேச்சு வந்தால் கையை எடுத்துவிட்டு வெளியே போகலாம் என்பதையும் அங்கேதான் கேட்டேன். மசாஜ் என்று சொன்னாலே வாயைக் கோணிச் சிரிக்கிற ஊரில் அது பெரிய பாடம்.

பிறகு ‘ஸ்வீடிஷ்’ மசாஜின் ஐந்து முறைகள். பெயரில்தான் ஸ்வீடன் இருக்கிறது. எஃப்ளூராஜ், பெட்ரிசாஜ், டப்போட்மான் என்று சொல்லெல்லாம் பிரெஞ்சு, அந்தச் சொற்களை நிலைக்க வைத்தவர் மெஸ்கர் என்ற டச்சுக்காரர். வகுப்பில் நாங்கள் இவற்றை வாய் சுளுக்கச் சுளுக்க மனப்பாடம் செய்தோம். சித்த மருத்துவத்தில் உடம்பு பிடித்துவிடுகிற முறையான தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது இருக்கிறது. அவர்களுடைய டப்போட்மான் நம்முடைய தட்டல்தானே என்று கேட்டேன். டீச்சருக்குத் தொக்கணம் என்ற சொல்லே புதிது.

அதுகூடப் போகட்டும். யாருக்குத் தேய்க்கக் கூடாது, எங்கே அழுத்தக் கூடாது என்பதற்கு அந்தப் பத்து நாளில் ஒதுக்கியது அரை மணி நேரம். காய்ச்சல் இருந்தால் வேண்டாம், புண் இருந்தால் வேண்டாம், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் மொத்தமே 60 மணி நேரம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1000 மணி நேரம் படித்து, தேர்வும் எழுதித் தேறினால்தான் இந்தத் தொழிலுக்கு உரிமம்.

இந்த மடலை எழுத வைத்த காரியத்தை இனிச் சொல்கிறேன். ரிசார்ட்டை விட்டுவிட்டு இப்போது நான் பிரசவித்த பெண்களுக்கு வீட்டில் போய் எண்ணெய் தேய்த்து, வேது என்கிற மூலிகை வெந்நீரில் குளிக்க வைக்கிறேன். திருவட்டாறு பக்கம் ஒரு வீடு. சிசேரியன் ஆகிப் பன்னிரண்டாம் நாள். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்கள், வயிற்றைத் தொடக் கூடாது, கை கால் மட்டும். மாமியார் சொன்னார், “எடது காலுல நீரு கெட்டிக் கெடக்கு மக்ளே. நல்லா அமுக்கித் தேயி, எறங்கட்டு.” பாயில் உட்கார்ந்து இரண்டு கெண்டைக்காலையும் பார்த்தேன். வலது கால் மெலிந்த கால். இடது கால் மினுமினுவென்று இறுகி, கொலுசு தோலில் பதிந்திருந்தது. புறங்கையை வைத்தேன். வலது குளிர்ச்சி, இடது சுட்டது. தொட்டதற்கே அந்தப் பெண் பல்லைக் கடித்தாள்.

கையில் எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. அந்த நிமிடம் என் காதில் கேட்டது பயிற்சி நிலையத்து டீச்சரின் குரல் இல்லை. திண்ணையில் நின்றபோது, ஆசான் தம் மகனை அதட்டிய குரல்: “ஒத்தக் காலு மட்டும் வீங்கிச் சூடா இருந்தா கை வைக்காதல. ஆஸ்பத்திரிக்கு விடு.”

தேய்க்க மாட்டேன் என்றேன். மாமியாருக்குப் பிடிக்கவில்லை, காய்ச்சிய எண்ணெய் வீணாகிறதே என்றார். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்கேனில் காலின் ஆழமான இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்த கட்டி. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்திலும் இரத்தம் இப்படிக் கட்டுகிற வாய்ப்பு கூடுதல் என்றும், அமுக்கித் தேய்த்தால் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம் என்றும் டாக்டர் சொன்னாராம். அந்தப் பெண் இப்போது நன்றாக இருக்கிறாள்.

ஆசான்மாரே, அந்த ஒரு வரி எனக்குத் திருட்டுச் சொத்து. நான் ஒட்டுக்கேட்டது. அன்றைக்கு அப்பாவுக்குத் தோள் வலிக்காமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்பது புரியாமல் இல்லை. 108 வர்மத்தில், அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்ற தொடுவர்மம் 96. அடிக்கத் தெரிந்தவன் கையில் அது ஆயுதம். பன்னிரண்டு வருடம் கூடவே இருந்து, குணம் பார்த்துத்தான் சொல்வார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வதுண்டு. அது நியாயம். அடியையும், அடிபட்டு விழுந்தவரை எழுப்புகிற அடங்கலையும் நான் கேட்கவில்லை. அவை உங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

நான் கேட்பது, விலக வேண்டிய இடங்களை மட்டும். கழுத்தின் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், அக்குளிலும் முழங்கால் பின்மடிப்பிலும் ஏன் அழுத்தக் கூடாது, நெற்றிப்பொட்டில் எத்தனை மாத்திரைக்கு மேல் போகக் கூடாது. கழுத்தின் பக்கத்தில் துடிக்கிற இடத்தை அழுத்தினால் இதயத் துடிப்பு தாழ்ந்து ஆள் மயங்கலாம் என்று இங்கிலீஷ் மசாஜ் புத்தகங்களிலேயே இருக்கிறது. உங்களிடம் இருப்பது அதைவிட நுணுக்கமான கணக்கு.

இன்னொன்று. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிறது. சித்த மருத்துவப் பட்டப்படிப்பில் வர்மமும் தொக்கணமும் பாடம். நமக்குப் பக்கத்திலேயே கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. ஆக, நீட் எழுதி வருகிற பிள்ளைகளுக்கு இதில் பாதி ரகசியம் ஏற்கனவே திறந்தாயிற்று. ஆனால் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு தினமும் ஐந்து உடம்பில் கை வைப்பது அவர்கள் இல்லை, எங்களைப் போன்றவர்கள். அறிய வேண்டிய கைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. கருங்கல், குலசேகரம், மார்த்தாண்டம் என்று பத்து நாள் சான்றிதழோடு வேலைக்குப் போகிற பெண்களை எனக்கே தெரியும். நல்ல பிள்ளைகள். பலமாகவும் அமுக்குவார்கள், அதுதான் பயம்.

எங்களில் நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் யாருக்கும் வேலை கிடையாது. ஆடி பிறந்தால் உழிச்சலுக்கு, அதாவது எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதற்கு, ஆள் கூடிவிடும், உங்களுக்கும் நேரம் இருக்காது. அதனால் ஆனி மாதத்துக்குள், மாவட்டத்தில் எந்த ஆசான் வீட்டிலானாலும் சரி, வெற்றிலை பாக்கும் தட்சிணையுமாக வருகிறோம். உள்ளே கூப்பிட மனம் வராவிட்டால் திண்ணையில் நிற்கிறோம், அது எனக்குப் பழக்கம். கொஞ்சம் சத்தமாக மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எண்ணெய் தேய்க்கிற ஒருத்தி,
கல்குளம் வட்டம்