கனவு மட்டும் அல்ல

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில், கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிசம் என்ற இயக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த ஓவியர்கள் உலகத்தை மறந்து கனவில் மூழ்கியவர்கள் என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களில் ஒருவரான மாக்ஸ் எர்ன்ஸ்டின் ‘மழைக்குப் பின் ஐரோப்பா’ ஓவியத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். முதல் உலகப்போரில் ஜெர்மன் படையில் இருந்தவர் அவர். 1937-இல் நாஜிகள் மியூனிக்கில் நடத்திய ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் அவர் படங்களும் கேலிக்கு வைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர் வெடித்ததும், ஜெர்மானியர் என்பதாலேயே அவரைப் பிரான்ஸ் முகாமில் அடைத்தது, அதாவது இரண்டு பக்கமும் அவருக்கு இடமில்லை. 1940-இல் பிரான்சில் தொடங்கிய இந்தப் படத்தை அமெரிக்காவுக்குத் தப்பிப்போய் 1942-இல்தான் முடித்தார்.

ஈரச் சாயத்தின் மேல் கண்ணாடியையோ தாளையோ அழுத்தி எடுக்கும்போது தானாக விழும் தடங்களிலிருந்தே அந்த அழுகிய பாறைகளும் இடிபாடுகளும் பிறந்தன, அவற்றின் நடுவே பறவைத் தலையோடு ஓர் உருவம் நிற்கிறது, பக்கத்தில் ஒரு பெண் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். மேலே வானம் மட்டும் தெளிந்த நீலம். எனக்கு அந்த நீலம்தான் அதிகம் பயமாக இருக்கிறது. ஊரே இல்லாமல் போன பிறகும் வானம் அப்படியேதானே இருக்கும்!

அப்புறம் ஒரு வேண்டுகோள். கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ஓவியம் இது. அடுத்த முறை இதைத் தபால்தலை அளவில் போடாமல் பக்க அகலத்துக்கு வண்ணத்தில் அச்சிடுங்கள்.

– ஒரு வாசகர்