‘சிலோன் ஓக்’ என்று விற்கப்பட்ட 40 கன்றுகளில் ஒன்றுகூடக் கூழா அல்ல: மூன்றாவது புகார்

தம்பலகாமம்,
திருகோணமலை.
12 ஜனவரி

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

செப்டெம்பர் மாத இறுதியில் உங்கள் நிறுவனத்துக்கு 40 ‘சிலோன் ஓக்’ கன்றுகளுக்கு முழுப்பணமும் கட்டிய வாடிக்கையாளன் நான். இதற்கு முன்னர் இரண்டு கடிதங்கள் எழுதினேன். 11 தடவை தொலைபேசியில் அழைத்தேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் பேசி, நடந்ததை முதலிலிருந்து சொல்லும்படி கேட்டார். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் இம்முறை எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கிறேன். தயவுசெய்து இறுதிவரை வாசியுங்கள்.

சிலோன் ஓக் என்ற பெயரில் நீங்கள் விற்பது எந்த மரம் என்பது உங்களுக்குத் தெரியும் என்று நம்பித்தான் பணம் கட்டினேன். விலைப்பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே ‘ஷ்லைஹேரா ஒலியோசா, உள்நாட்டு மரம்’ என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். அது எங்கள் கூழா, சிங்களத்தில் கோன். மட்டக்களப்பில் கூழாவடி என்றும் முல்லைத்தீவில் கூழாமுறிப்பு என்றும் ஊர்களுக்கே பெயர் கொடுத்த மரம். எங்கள் ஐயாவின் காலத்தில் உலக்கைக்கும் வண்டி அச்சுக்கும் தேடிப்போன வைரமான மரம். இலங்கைக் காடுகளில் உண்மையான ஓக் இனம் எதுவும் இயற்கையாக வளர்வதில்லை. ஆங்கிலேயர் வைத்துவிட்டுப்போன இந்தப் பெயரைப் பார்த்துச் சாதாரண மனிதர் ஒருவர் குழம்பினால் அவரில் நான் குறை காணமாட்டேன். மரக்கன்று விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் குழம்பலாமா?

ஒக்டோபரில் வந்து இறங்கிய கன்றுகளில் 31, அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நடப்படும் சில்வர் ஓக் மரத்தினுடையவை. பன்னம்போல் வெட்டுண்ட இலை. திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் வெள்ளி நிறம். பெயரில் ‘ஓக்’ என்ற சொல் இருப்பதைத் தவிர அதற்கும் கூழாவுக்கும் எந்த உறவும் கிடையாது; தாவரக் குடும்பமே வேறு. மீதி ஒன்பதும் பிஹிம்பியா என்று சிங்களத்தில் சொல்லப்படும் வீதியோர மரத்தின் கன்றுகள். அதன் இலையின் நடுக்காம்பில் இருமருங்கும் சிறகுபோல ஒரு விளிம்பு ஓடும். சிற்றிலைகள் ஒடுங்கி, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். இந்த வேறுபாடு பாடசாலைப் பிள்ளைக்கும் கண்ணில் படக்கூடியது.

இதைத்தான் நான் உங்கள் அலுவலரிடம் பணிவாகச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “சேர், உங்களுக்கு மரம் வேணுமா, பேர் வேணுமா?” முப்பத்திரண்டு வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவனிடம் கேட்ட கேள்வி இது. நான் கேட்டது பெயரையல்ல. அந்தப் பெயருக்குரிய மரத்தை. பிஹிம்பியாவைப் பற்றிச் சொன்னபோது, இரண்டும் ஒரே குடும்பம்தானே என்று அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். ஒரே குடும்பம் என்பது உண்மைதான். ரம்புட்டானும் பூந்திக்கொட்டையும்கூட அதே குடும்பம். ரம்புட்டான் வாங்க வந்தவருக்குப் பூந்திக்கொட்டைக் கன்றைக் கொடுத்துவிட்டு இதே நியாயத்தைச் சொல்வீர்களா?

கூழாவை அடையாளம் காண்பது கடினமல்ல. கூட்டிலையின் நுனியில் தனிச் சிற்றிலை இராது. இரண்டு முதல் நான்கு சோடி, பெரும்பாலும் மூன்று சோடிச் சிற்றிலைகள். மூன்று சோடி என்ற பொருளில் ‘டிரைஜுகா’ என்பதே அதன் பழைய விஞ்ஞானப் பெயராக இருந்தது. நுனிச் சோடிதான் எல்லாவற்றிலும் பெரியது. சிற்றிலைகள் ஏறக்குறையக் காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும். பங்குனியை அண்டித் துளிர்க்கும்போது மரம் முழுவதும் இரத்தச் சிவப்பாக நிற்பதைத் தூரத்திலிருந்தே காணலாம். பூந்திக்கொட்டைக்கும் இரண்டு மூன்று சோடிச் சிற்றிலைகள் உண்டு என்பதால் கன்றுப் பருவத்தில் அதனோடு மயங்க இடமுண்டு. அப்படி மயங்கியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். நீங்கள் அனுப்பியவை எதனோடும் மயங்கக்கூடியவை அல்ல.

கந்தளாய்ப் பயணத்தை எழுத மறந்துவிட்டேன். கன்றுகளை அங்குள்ள உங்கள் சேகரிப்பு நிலையத்தில் கொடுத்தால் மாற்றித் தருவதாகச் சொன்னது உங்கள் அலுவலகம். நவம்பர் மழையில் லொறி ஒன்றை 9,000 ரூபாவுக்கு வாடகைக்குப் பிடித்து, 40 கன்றுகளையும் ஏற்றிக்கொண்டு, முழங்கால் வலியோடு நானே போனேன். அங்கிருந்தவருக்கு ஒன்றும் தெரியாது. தம்புள்ளைக்குக் கொண்டுபோகச் சொன்னார். தம்புள்ளைக்குத் தொலைபேசி எடுத்தால் மறுமுனையில் அதே குரல், “மரம் வேணுமா, பேர் வேணுமா” என்று கேட்ட அதே மனிதர்! அவருடைய பெயரைக் கேட்டேன்; சொல்ல மறுத்தார். வந்த வழியே கன்றுகளோடு திரும்பினேன். அன்று மாலை வீட்டு முற்றத்தில் கன்றுகளை இறக்கியபோது எனக்கு ஏற்பட்ட அவமானத்தை எந்த நட்டஈடும் ஈடுசெய்யாது.

இவை என் வீட்டுக்காக வாங்கியவையும் அல்ல. எங்கள் ஊர்க் குளத்தைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தில், 40 மாணவர்கள் ஆளுக்கொரு கூழாக் கன்று நடுவதாக ஏற்பாடு. பிள்ளைகள் குழி வெட்டி, சாணம் இட்டு, தத்தம் பெயர் எழுதிய பலகையையும் நட்டுவைத்துக் காத்திருந்தார்கள். எங்கள் பகுதிக்கு வடகீழ்ப் பருவமழைதான் நடுகைக் காலம். அது முடிந்துவிட்டால் அடுத்த ஐப்பசிவரை நிலம் காய்ந்து கிடக்கும். குழிகளில் இப்போது தண்ணீர் நிற்கிறது. கூழாம்பழத்தின் புளிப்பைக் காட்டிலே தேடித் தின்ற கடைசித் தலைமுறை நாங்கள். அதை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கிருந்த ஒரே வாய்ப்பை நீங்கள் அழித்துவிட்டீர்கள். ஐம்பது வருட நிழலை எங்கள் ஊர் இழந்துவிட்டது என்றே நான் கணக்கிடுகிறேன்.

உங்கள் நிறுவனத்தில் மரம் அறிந்த ஒருவராவது இருப்பார் என்று இன்னமும் நம்புகிறேன். அவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். கன்றுகளுக்கான 26,000 ரூபா, அனுப்புகூலி 4,200 ரூபா, லொறி வாடகை 9,000 ரூபா ஆக மொத்தம் 39,200 ரூபாவை 14 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். அல்லது இலையைப் பார்த்து உறுதிசெய்த 40 கூழாக் கன்றுகளை அடுத்த ஐப்பசிக்கு முன் உங்கள் செலவில் ஊருக்கே கொண்டுவந்து தந்து, மற்றச் செலவுகளை இப்போதே தீர்க்க வேண்டும். அந்த அலுவலர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தவறினால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் பற்றுச்சீட்டு, விலைப்பட்டியல், கன்றுகளின் படங்கள் யாவற்றுடனும் முறையிடுவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதிருக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்

பி.கு.: 40 கன்றுகளும் இன்னும் என் முற்றத்தில், பையோடு, நிழலில் நிற்கின்றன. தினமும் தண்ணீர் ஊற்றிவருகிறேன். அவற்றை எடுத்துச்செல்ல வருபவர் முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டு வரவும்.